பானையக்கா ஊற்றிய கஞ்சி

புது மண்சட்டி ஒன்று வேலை கேட்டு அடுப்பிடம் போனது.

"இதுக்கு முன்னாடி எங்க குழம்பு வச்சிருக்க?" என்றது அடுப்பு.

"எங்கயும் இல்லண்ணே. யாராவது ஏத்தினாத்தானே வைக்க முடியும்?"

"கஞ்சி ஊறிப் பழகாத சட்டி தீயில விரிசல் விட்டுடும்மா. பழகிட்டு வா."

பக்கத்து வீட்டு அடுப்பும் இதையேதான் சொல்லியிருந்தது. இனி பூச்செடிக்கு மண் சுமக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே சட்டி திரும்பியது.

சோறு வடித்துக்கொண்டிருந்த பானை, கஞ்சியை ஆறவைத்துச் சட்டிக்குள் ஊற்றியது.

"ரெண்டு நாள் இதை வச்சிரு தங்கச்சி. எனக்கும் முன்னாடி ஒருத்தி இப்படித்தான் ஊத்தினா."

இரண்டு நாள் கழித்துச் சட்டி மறுபடியும் அடுப்பிடம் போய் நின்றது.

"எங்க வேலை பார்த்த?"

"பானையக்காகிட்ட. கஞ்சிக்குக் காவல்."

அடுப்பு சிரித்துக்கொண்டே தீயைத் தணித்தது. "சரி, ஏறு. மெள்ளச் சூடானாப் போதும்."