கூட ஒரு மூச்சு

அந்த வார்டில் ஆறு நோயாளிகள். அறையில் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று யாரையும் தொடாமலே எண்ணிச் சொல்லும் புதுக் கருவியைக் கூரையில் மாட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. மூத்த நர்ஸ் உள்ளே போனால் திரை ஏழு என்று காட்ட வேண்டும். எட்டு என்று காட்டியது.

பழுது பார்க்க வந்த டெக்னீஷியன் வேறு கருவியை மாட்டிவிட்டு, முதலில் தான் மட்டும் உள்ளே நின்று பார்த்தார். ஏழு. சரியாகத்தான் இருந்தது.

“இப்ப நீங்க வாங்க சிஸ்டர்.”

அவள் உள்ளே வந்தாள். எட்டு வர வேண்டிய இடத்தில் ஒன்பது வந்தது. அவள் வெளியே போனதும் மறுபடியும் ஏழு.

“தப்பா நினைக்காதீங்க. மாசமா இருக்கீங்களா?”

“ஐம்பத்தாறு வயசுலயா? நல்லா கேட்டீங்க போங்க!” அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அப்படியே இருந்தாலும் வயித்துப் பிள்ளை மூச்சு விடாது தம்பி.”

அவர் சிரிக்கவில்லை. அவளை மறுபடி உள்ளே அழைத்து, ஒவ்வொரு மூச்சின் வேகத்தையும் திரையில் வரவழைத்தார். அவளுடையது நிமிடத்துக்குப் பதினாறு. அவள் முதுகுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி இன்னொன்று. அது நிமிடத்துக்கு மூன்று.

மதியம் வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தாள். பிறந்து பத்து நாளான குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏம்மா வாசல்லயே நிக்கிற? உள்ள வா. உன் பேரன் இப்பத்தான் முழிச்சான்.”

உள்ளே வைத்த ஒரு காலையும் அவள் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“கதவைச் சாத்திக்கோடி,” என்றாள்.