ஹெல்மெட்டில் முளைத்த இலை

தொழிற்சாலை வாசல் புங்கமரத்தின் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. அதிகாரிகள் பதறிப்போய் மர டாக்டரைக் கூட்டிவந்தார்கள்.

"வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோனாகி இலையைத் தின்கிறது. நிழல்வலை கட்டுங்கள், நாளைக்கு மறுபடி பார்க்கிறேன்" என்றார் டாக்டர்.

கிளையில் தொங்கிய மஞ்சள் ஹெல்மெட் கேட்டது: "அண்ணே, எங்காளு தணிகாசலமும் இதே காத்துலதான் நாள் முழுக்க இருமுறாரு. அவரைப் பார்க்க ஒரு டாக்டரும் வரலையே?"

"அவர் காண்ட்ராக்ட் தம்பி. நான் பர்மனென்ட், வேர் விட்டிருக்கேன்ல!" என்றது மரம்.

மறுநாள் டாக்டர் வந்தார். வாசலில் இருமிக்கொண்டு நின்ற தணிகாசலத்தின் தலையில் இருந்தபடி, புள்ளி விழுந்த இரண்டு இலைகளைத் தன்மேல் செருகிக்கொண்டு ஹெல்மெட் கிசுகிசுத்தது:

"இருமாதீங்க ஐயா. காத்துல லேசா அசையுங்க, போதும்."