சிறப்பு விருந்தினர் வரும்வரை

சோரியாங்குப்பத்தில் கைருன்னிசாவின் வீட்டு வாசலில் சிவப்பு ரிப்பன் காற்றில் படபடக்கிறது. அதற்குப் பின்னால் சுவரில் சாமந்தி மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது புது ஸ்மார்ட் மீட்டர். 'நோயாளிகள் உள்ள வீடுகளுக்குத் தடையில்லா மின்சாரம்' என்கிறது பேனர். திட்டத்தின் முதல் வீடு இதுதான் என்பதால், திறப்பு விழாவுக்காக ஒரு மணி நேரமாகக் கரண்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே அவள் புருஷன் கமருதீனின் ஆக்சிஜன் மெஷின் அணைந்து கிடக்கிறது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரின் முள் சிவப்புக்கோட்டில் நிற்கிறது. அவர் மூச்சு இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்கிறது. "மீட்டர மாட்டியாச்சில்ல, சுவிட்சப் போடு பிரிட்டோ" என்கிறாள். ஒயர்மேன் பிரிட்டோ பொறியாளரைப் பார்க்கிறான். பொறியாளர் போனைப் பார்க்கிறார். "சிறப்பு விருந்தினர் கிருமாம்பாக்கம் தாண்டிட்டாரும்மா. அவர் கையாலதான் போடணும், இன்விடேஷன்லயே அடிச்சிருக்கு." "அந்த இன்விடேஷன எம் புருஷங்கிட்ட காட்டுங்க சார். அதுவரிக்கும் மூச்சு வுடாம இருக்கச் சொல்லுங்க." உள்ளே சத்தம் நின்றுபோகிறது, பிறகு இருமலாக வெடிக்கிறது. கைருன்னிசா மீட்டரை நோக்கி நேராக நடக்கிறாள். ரிப்பன் அவள் இடுப்பில் சிக்கி அறுந்து கூடவே வருகிறது. அவள் கையில் மெயின் சுவிட்ச் மேலேறுகிறது, உள்ளே மெஷின் உறுமத் தொடங்குகிறது. "அய்யய்யோ, இன்னும் போட்டோவே எடுக்கலியே!" என்று பதறுகிறார் பொறியாளர். "பிரிட்டோ, ஆஃப் பண்ணுப்பா. அவர் வந்ததும் மறுபடி போட்டுக்கலாம்." பிரிட்டோ அசையவில்லை. கைருன்னிசாவின் உள்ளங்கை சுவிட்சை மூடியிருக்கிறது. "இன்னா அவசரம் சார்? கைய நான் எடுக்கப் போறதில்ல. அவரு வந்து பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கட்டும்."