விக்னராஜாவின் இரகசியச் சக்கரம்

தென் துருவத்துக்கு இப்பால் வாழும் சகல தமிழ் மக்களுக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில், 1979 ஓகஸ்ட் 24, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மெல்பேர்ண் கிளேட்டனில், திரு. விக்னராஜா அவர்கள், முப்பத்தாறு வருடங்களாக எவரும் வாசித்திராத போர்க்கால இரகசியச் செய்தி ஒன்றைத் தமது இல்லத்தில் வாசித்தருளுவார்.

செய்தி ஒரு கோதுமைப் பொரிப் பெட்டியின் முதுகில் வெறும் இலக்கங்களாக அச்சடிக்கப்பட்டிருந்தது.

சகல மக்கள் என்று வந்திருந்தது தேவராஜா ஒருவர்தான். மூன்று மாதத்துக்கு முன் ரயிலில் பழக்கமானவர். அவரும் வடைக்குத்தான் வந்திருந்தார்.

மேசையில், வெல்வெட் துணியின் மேல், சக்கரம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மட்டை வட்டங்கள். வெளியே இலக்கங்கள், உள்ளே எழுத்துகள். யுத்த காலத்தில் தகரமெல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால், பொரிக் கம்பனி இதை மட்டையில் செய்து, ஐந்து பெட்டி மூடி அனுப்பிய பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பிள்ளைகள் நனைத்தும் கடித்தும் தொலைத்தது போக, இந்த நாட்டில் மிஞ்சியது நாலே நாலு என்றார் விக்னராஜா.

போன மாதம் ஆறு என்று சொன்னவர்.

ஐந்து கிழமையாக அவர் வாயில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. ஐந்து கிழமைக்கு முன்தான் யாழ்ப்பாணத்தில் அவருடைய தம்பி நித்தியானந்தனைப் பொலிஸார் வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தந்தி அடித்தாயிற்று. தெரிந்த பெரிய மனிதர் எல்லாருக்கும் எழுதியாயிற்று. அதற்குமேல் கிளேட்டனில் இருந்துகொண்டு ஒரு மனிதன் சுற்றக்கூடியது சக்கரத்தைத்தான்.

தொண்டையைச் செருமினார். கண்ணாடியைத் துடைத்தார். பதினேழுக்கு நேரே உள் வட்டத்தைத் திருப்பி, ஒரு எழுத்தைக் கொப்பியில் எழுதினார்.

“அண்ணை, இதை வாசிச்சு முடிச்சால் சண்டையில ஆர் வெண்டது எண்டு தெரியுமோ?” என்றார் தேவராஜா, வாயில் வடையோடு.

“விசர்க் கதை கதையாதையும். இது ஒரு சாஸ்திரம்.”

மூன்றாவது எழுத்தில் நிற்கும்போது மனைவி சந்திரவதனா வாசல் தபால் பெட்டியிலிருந்து ஒரு நீல ஏரோகிராம் கடிதத்தோடு வந்தாள். ஊரிலிருக்கும் விக்னராஜாவின் தங்கச்சி யோகாவின் கையெழுத்து. அவள் அதைப் பிரிக்கவில்லை. அவரிடம் நீட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

அங்கே கடிதங்களை வழியில் யாரோ உடைத்துப் படிப்பதாகப் பேச்சு. ஆகையால் ஊரிலிருந்து எழுதுபவர்கள் எதையும் நேரே எழுதுவதில்லை. அதை வாசிக்கச் சக்கரம் எந்தக் கம்பனியும் கொடுப்பதுமில்லை.

விக்னராஜா ஒருமுறை வாசித்தார். முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தார்.

பிறகு கடிதத்தை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, வெல்வெட் துணியின் விளிம்போடு நேராக வைத்தார்.

“தம்பியைப் பற்றி ஏதும்?” என்றார் தேவராஜா.

“ஓம். போன செவ்வாய்க்கிழமையிலயிருந்து அவன் அப்பாவோட இருக்கிறானாம். யோசிக்க வேண்டாமாம்.”

சந்திரவதனா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“அப்பாடா!” தேவராஜா அடுத்த வடையை எடுத்தார். “தேப்பனிட்டப் போய்ச் சேர்ந்திட்டான் எண்டால் இனிப் பயமில்லை. நீங்கள் சுத்துங்கோ அண்ணை.”

விக்னராஜா சக்கரத்தில் விரலை வைத்தார். அது நகரவில்லை.

அவருடைய தகப்பனார் செத்து ஆறு வருடம்.