இளையவள் கலந்த ஒயின்

மாமியார் கோப்பையைக் கையில் எடுத்ததுமே மூத்த மருமகளுக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருடமாகப் பல பீப்பாய் ஒயின்களை அளவாகச் சேர்த்து, குடும்பம் விற்கும் சிவப்பு ஒயினைக் கலந்து வந்தவள் அவள். இந்த முறை அந்த வேலை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத இளைய மருமகளுக்குப் போயிருந்தது.

மாமியார் ஒரு மிடறு குடித்தார். உடனே இன்னொரு மிடறு.

“வாய் நிறைய நாவல்பழ ருசி. முடியறப்ப மிளகு மாதிரி ஒரு காரம். சுட்ட ஆட்டுக்கறிக்குன்னே பிறந்த ஒயின்டி இது!”



“அந்தக் காரம் என்னுது இல்ல அத்தை,” என்றாள் இளையவள். “நான் கலந்தது சப்புன்னு இருந்துச்சு. நேத்து மத்தியானம் அக்கா மூலைப் பீப்பாயிலேருந்து ஒரு குடம் மொண்டு இதுல ஊத்தினதை நான் பார்த்தேன். சொன்னா என் மனசு நோகும்னு சத்தமில்லாம சரிபண்ணியிருக்காங்க. பாட்டில்ல அவங்க பேரைத்தான் போடணும்.”

மாமியார் மூத்தவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

இளையவளின் ஒயின் பாழாய்ப் போகட்டும் என்றுதான், இருந்ததிலேயே மட்டமான பீப்பாயாகத் தேடிப் பிடித்து மூத்தவள் மொண்டிருந்தாள்.