ஆழம் பார்த்த கழி

ஒரு குடும்பமே குடியிருந்த படகு, கடலோரக் கால்வாயில் ஒதுங்க இடம் தேடியது. கடல் ஓதம் இறங்கி, கால்வாயில் தண்ணீர் வற்றும் நேரம். புதிதாக வந்த மூங்கில் கழிதான் ஆழம் பார்த்தது.

“ஆறடி!” என்று கத்திவிட்டு மேலே வந்த கழி, தன் உடம்பைப் பார்த்தது. மூன்றடிக்குச் சேறு அப்பியிருந்தது.

“ஆறடி போதும், இறங்கறேன்,” என்றது நங்கூரம்.

தப்பாகச் சொன்ன முந்தைய கழியை உடைத்துத்தான் நேற்றுச் சோறு பொங்கினார்கள். ஆனால் பேசாமல் இருந்தால், தண்ணீர் வற்றியதும் படகு சேற்றில் சாய்ந்துவிடும்.

“இருங்கண்ணே! தண்ணி மூணடிதான், மீதி சேறு. தப்பாச் சொல்லிட்டேன்.”

“அடப்பாவி! தொண்டை கிழியக் கத்தினியேடா!” என்றது நங்கூரம்.

படகு நடுக்கால்வாய்க்கு விலகியது. கழியை மறுபடி இறக்கினார்கள். உச்சி வரை நனைந்தும் அதற்குத் தரை தட்டுப்படவில்லை.

“எனக்கு எட்டலைண்ணே,” என்றது.

“நீ சொன்னாப் போதும்,” என்று நங்கூரம் இறங்கியது.