நூற்றைம்பது யூரோ வீடு

2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கிரீஸின் தெசலோனீக்கி நகரத்திலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு மலையூரில், தோட்டத்துடன் கூடிய மாடி வீடு ஒன்று மாதம் நூற்றைம்பது யூரோ வாடகைக்குக் காட்டப்பட்டது.

நகரத்தில் அந்தப் பணத்துக்குக் கார் நிறுத்த இடம் கிடைத்தாலே பெரிது.

பார்க்க வந்தவர்கள் கல்லியோப்பி, அவள் கணவன் லாம்ப்ரோஸ், நான்காம் வகுப்புக்குப் போகவிருக்கும் மகள் ஈரினி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். இன்னும் ஐந்து நாள்.

இதுவரை பார்த்த பதினோரு வீட்டுக்காரர்களும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

கல்லியோப்பி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். புதுச் சுண்ணாம்பு. எதையாவது மறைக்கத்தான் ஆகஸ்ட் வெயிலில் வெள்ளையடிப்பார்கள்.

குழாயைத் திறந்தாள். தண்ணீர் தெளிவாக வந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

"பக்கத்துல கல்குவாரி இருக்கா ஐயா?"

"இல்லம்மா" என்றார் வீட்டுக்காரர் சக்காரியாஸ்.

"பன்னிப் பண்ணை?"

"இருந்தா நல்லாயிருக்கும். கறி கிடைக்கும்."

"அப்போ வாடகை ஏன் இவ்வளவு கம்மி?"

அவர் பிடரியைச் சொறிந்துகொண்டார். "ஊரு அப்படி" என்றார். பிறகு, தற்செயலாகக் கேட்பதுபோல, "பிள்ளைங்க எத்தனை?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதான். இவ இருக்கற இடமே தெரியாது. செவுத்துல கிறுக்க மாட்டா."

"ஒண்ணுதானா?"

அவர் முகம் விழுந்ததை லாம்ப்ரோஸும் கவனித்தான்.

எதிர் வீட்டுப் பால்கனியில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி தட்டில் அத்திப்பழத்தோடு இறங்கி வந்தாள். பெரியவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஈரினியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கூடப் பொறந்தவங்க யாருமே இல்லையாடி கண்ணு?"

ஈரினி அம்மாவைப் பார்த்தாள். பிறகு இல்லையென்று தலையாட்டினாள்.

"எந்த மாசம் பொறந்தே? எத்தனாவது படிக்கறே?"

கல்லியோப்பி மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஊர்ப் பாதிரியாரும் வந்தார். குளிர் வந்தால் நகரத்துக்குத் திரும்பிவிடுவீர்களா, குழந்தையை இங்கேயே படிக்க வைப்பீர்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு, சக்காரியாஸைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது.

"மேல பார்க்கலாமா?"

"அது எதுக்கும்மா? ஒரு பிள்ளைக்குக் கீழ இருக்கற ரூமே போதும்." சக்காரியாஸ் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தோட்டத்து மூலையில் கல்லியோப்பி கணவனின் காதில் சொன்னாள். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு. யாரு என்னன்னே தெரியாத ஊர்ல, ஈரினி மேல எதுக்கு இவ்வளவு அக்கறை? மாடியில என்னத்தையோ வெச்சிருக்காங்க."

"அப்போ வேணாமா?"

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அஞ்சு நாள்தான் இருக்கு. மாடியில பொணமே கிடந்தாலும் எடுத்துக்குவோம்."

எடுத்துக்கொள்கிறோம் என்று லாம்ப்ரோஸ் போய்ச் சொன்னான். திங்கட்கிழமை போன் செய்வதாகச் சொன்னார் சக்காரியாஸ்.

சொன்னபடி செய்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வீட்டை வேற குடும்பத்துக்குக் குடுத்துட்டோம்."

"குடுத்துட்டோம்னா? வீடு உங்களோடதுதானே?"

"வீடு என்னோடது. வாடகையில பாதி ஊர் போடுது. எங்க ஸ்கூல்ல பன்னெண்டு பிள்ளைங்கதான். பதினஞ்சு இல்லேன்னா இந்த வருஷம் மூடிடறாங்க. மூணு பிள்ளை இருக்கற குடும்பமாத்தான் தேடினோம். மாடியில மூணு கட்டில்கூட வாங்கிப் போட்டாச்சு."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"போன வருஷம் சொன்னோமே. ஒருத்தன் தங்கச்சி பிள்ளைங்களை இரவல் வாங்கிட்டு வந்து வீட்டைப் பிடிச்சுட்டான். ஸ்கூல் திறந்த அன்னிக்கு அவன் வீட்ல ஒரு பிள்ளையும் இல்ல. அதான், இந்தத் தடவை யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருந்தோம்."

கல்லியோப்பி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"எனக்கும் மூணு பிள்ளைங்கதான் ஐயா."

மறுமுனையில் சிரிப்பு. கேலிகூட இல்லை, அலுப்பு.

"சனிக்கிழமை ஒண்ணு, திங்கட்கிழமை மூணா? நல்ல விளைச்சல்தான் தங்கச்சி. சாவி காலையிலேயே குடுத்தாச்சு."

ஈரினிக்குப் பிறகு பிறந்த இரட்டையர்களுக்கு ஏழு வயது. சனிக்கிழமை முழுவதும் அவர்கள் கல்லியோப்பியின் அண்ணன் வீட்டில் இருந்தார்கள்.

முதல் பதினோரு வீடுகளில் அவள் மூன்று பிள்ளைகள் என்று உண்மையைத்தான் சொல்லியிருந்தாள்.

ஆகஸ்ட் 31 அன்று துறைமுக வீட்டைக் காலி செய்துவிட்டு, ஐந்து பேரும் அண்ணன் வீட்டு முன்னறைக்குப் போனார்கள். செப்டம்பர் 11, திங்கட்கிழமை, மலையூர்ப் பள்ளி பதினைந்து பிள்ளைகளுடன் திறந்தது.